காளிகாட்டுக்கு ஓடிய டிராம் காட்சிக்கு வந்த கதை

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் காளிகாட்டுக்கு அழைத்துப் போகாத தமிழ்க் குடும்பம் கல்கத்தாவில் இருக்காது. காலையில் தரிசனம், வழியில் லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்குவது, பகலில் விக்டோரியா நினைவு மண்டபம், மறுநாள் தட்சிணேஸ்வரம் என்று ஒரு வரிசை நம்மவர்களிடம் பல காலமாக இருக்கிறது. அந்த வரிசையில் சேர்க்க வேண்டிய இடம் ஒன்று எஸ்பிளனேடில் இருக்கிறது. பழைய டிராம் வண்டி ஒன்றையே காட்சிசாலையாக மாற்றி, 'ஸ்மரணிகா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நினைவுச் சின்னம் என்று பொருள்.

பெரிய மண்டபத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். 1938ல் கட்டப்பட்ட இரண்டு பெட்டி வண்டி, அவ்வளவுதான். ஒரு பெட்டியைச் சிற்றுண்டிக் கூடமாகவும் மற்றதைக் காட்சிக் கூடமாகவும் அமைத்து 2014ல் திறந்தார்கள். குதிரை இழுத்த வண்டியின் சின்ன உருவம், பழைய புகைப்படங்கள், கண்டக்டர் தொப்பியில் குத்தியிருந்த வில்லை, அணா காலத்து நாணயங்கள், பல நிறங்களில் டிக்கெட்டுகள் ஆகியவற்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நின்று நிதானமாகப் பார்த்தாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் அந்த அரை மணி நேரத்தில் கண்ணில் படுவது இந்த ஊரின் நூற்றைம்பது வருஷக் கதை. அந்தக் கதையில் காளிகாட்டுக்கும் இடம் உண்டு, சென்னைக்கும் உண்டு.

குதிரை, நீராவி, மின்சாரம்

கல்கத்தாவில் முதல் டிராம் ஓடியது 1873 பிப்ரவரி 24ந் தேதி. சியால்டாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை, நான்கு கிலோ மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். இழுத்தவை குதிரைகள். போதிய கூட்டம் சேரவில்லை. அதே வருஷம் நவம்பர் 20ந் தேதி நிறுத்திவிட்டார்கள். ஒன்பது மாதத்தில் மூட்டை கட்டிய அந்த வண்டிதான் பின்னால் நகரத்தின் அடையாளமே ஆயிற்று.

1880ல் லண்டனில் கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி பதிவாயிற்று. அந்த வருஷமே வைஸ்ராய் ரிப்பன் பிரபு புதிய தடத்தைத் திறந்து வைத்தார். நம் சென்னை மாநகராட்சிக் கட்டிடத்துக்குப் பெயர் கொடுத்த அதே ரிப்பன்தான். தண்டவாளம் மீட்டர் கேஜ். இரண்டு வருஷம் கழித்து நீராவி இஞ்சினையும் சோதனையாக விட்டுப் பார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் கம்பெனியிடம் 166 வண்டிகளும் ஏழு நீராவி இஞ்சின்களும் இருந்தன. குதிரைகள் மட்டும் ஆயிரம்! சித்திரை, வைகாசி வெயிலில் கல்கத்தாத் தெருவில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த வாயில்லா ஜீவன்கள் பட்ட பாட்டை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1900ல் மின்சாரத்துக்கு மாற்றும் வேலை தொடங்கியது. தண்டவாளத்தையும் பெயர்த்து, 4 அடி 8½ அங்குல அகலத்துக்குப் போட்டார்கள். ரயில்வேயில் வேலை பார்க்கும் அன்பர்கள் இதைக் கவனிக்கலாம். ஹாவ்ராவுக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்க்கிற அகல ரயில் பாதை 5 அடி 6 அங்குலம். கல்கத்தாவின் முதல் மெட்ரோ பாதையும் அதே அகலம்தான். டிராம் மட்டும் தனிக் கணக்கு.

1902 மார்ச் 27ந் தேதி எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூருக்கு முதல் மின்சார டிராம் புறப்பட்டது. அடுத்து மின்சாரம் போனது காளிகாட்டுக்கு, ஜூன் 14ந் தேதி. ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் கோயில். கூட்டம் எங்கே இருக்கிறது என்று கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதையே ஆசியாவின் முதல் மின்சார டிராம் என்று இங்கே பலர் பெருமையாகச் சொல்வதுண்டு. எழுதியும் வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா வர வேண்டாம். சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895 மே மாதம். கல்கத்தாவுக்கு ஏழு வருஷம் முந்தி! ஜப்பானில் கியோட்டோ நகரம் அதற்கும் சில மாதம் முந்திக்கொண்டது. சென்னையில் முதலில் கம்பியைத் தலைக்கு மேலே கட்டாமல், தெருவுக்கு அடியில் குழாய் பதித்து மின்சாரம் கொடுத்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து தொல்லை கொடுக்கவே, பிறகு மேல் கம்பிக்கு மாறினார்கள். நம்மூர் மழை அப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

காலணாவும் கலவரமும்

டிக்கெட்டுகள் இருக்கிற பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக நிற்பது நல்லது. பார்க்க ஒன்றுமில்லாத காகிதத் துண்டுகள்தான். இந்த மாதிரி ஒரு துண்டுக்காகத்தான் கல்கத்தா ஒரு மாதம் கொந்தளித்தது.

டிராமில் இரண்டு வகுப்பு. முன் பெட்டி முதல் வகுப்பு. தலைக்கு மேல் மின்விசிறி உண்டு. பின் பெட்டி இரண்டாம் வகுப்பு. விசிறி கிடையாது, கட்டணம் கொஞ்சம் குறைவு. இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேரும் என்பதால் தொழிலாளியும் சின்னக் குமாஸ்தாவும் பின் பெட்டியில்தான் ஏறுவார்கள். மாதக் கடைசியில் பெரிய குமாஸ்தாவும் அங்கே வருவதுண்டு. முன் பெட்டியில் இருக்கிற மேலதிகாரி திரும்பிப் பார்க்காமல் இருந்தால் சரி.

1953 ஜூலையில் அந்த இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தினார்கள். ரூபாய்க்கு 64 பைசா என்றிருந்த காலத்துப் பைசா அது. நம் பேச்சில் காலணா. கம்பெனி அப்போதும் வெள்ளைக்காரர் கையில் இருந்தது. சுதந்திரம் வந்து ஆறு வருஷத்துக்குப் பிறகும் லண்டன் கம்பெனி நம்மிடம் காலணா கூடக் கேட்கிறதா என்று ஜனங்கள் சீறினார்கள். பழைய கட்டணத்தை மட்டும் நீட்டினார்கள். அதற்கு மேல் தர மாட்டோம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். வண்டிகள் எரிந்தன. தடியடி, துப்பாக்கிச் சூடு, ஹர்த்தால், கைது. பின்னாளில் முதலமைச்சரான ஜோதிபாசுவும் கைதானவர்களில் ஒருவர். கடைசியில் அரசாங்கமும் கம்பெனியும் இறங்கி வந்தன. உயர்வு கைவிடப்பட்டது.

இன்று ஒரு பைசாவுக்கு இவ்வளவா என்று தோன்றும். தினம் இரண்டு தடவை போய்வருகிறவனுக்கு மாதத்தில் எத்தனை காலணா என்று பெருக்கிப் பார்த்தால், அந்தக் காலத்துச் சம்பளத்தில் அது ஒரு சின்னத் தொகை அல்ல என்பது புரியும்.

இங்கே இவர்கள் காலணாவுக்குப் போராடிய அதே 1953ல்தான், ஏப்ரல் மாதம், சென்னையில் டிராம் அடியோடு நின்றது. கம்பெனி கடனில் மூழ்கி நொடித்துப் போயிற்று. மவுண்ட் ரோட்டிலும் பாரீஸ் கார்னரிலும் மணி அடித்துக்கொண்டு போன வண்டிகள் ஷெட்டுக்குத் திரும்பின. மறுநாள் வெளியே வரவில்லை. டிராம் ஓட்டியவர்களும் டிக்கெட் கிழித்தவர்களும் வேலை இழந்தார்கள். முந்திக்கொண்டு ஓட்டிய ஊர், முந்திக்கொண்டு நிறுத்தியும் விட்டது. அறுபது வயதுக்குக் கீழே இருக்கிற சென்னைக்காரர் யாரும் தம் ஊர்த் தெருவில் டிராமைக் கண்டிருக்க வழியில்லை.

ஹாவ்ரா இறங்கி

கல்கத்தாத் தமிழர்களில் வயதானவர்களுக்கு டிராம் என்றால் ஹாவ்ராதான் ஞாபகம் வரும். மெட்ராஸ் மெயிலில் இரண்டு இரவு கழித்து, தகரப் பெட்டியும் படுக்கையுமாக இறங்கி, பாஷை தெரியாமல் வெளியே வந்து நின்றால் முதலில் தெரிவது பாலம். 1943ல் திறந்த புதிய ஹாவ்ரா பாலத்தின் மேல் 1993 வரை டிராம் ஓடியது. பஸ்ஸில் ஏற யாரையாவது கேட்க வேண்டும். டிராமில் அந்தக் கவலை கிடையாது. தண்டவாளம் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகும். தடம் மாறி எங்கேயாவது கொண்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வே தலைமை அலுவலகத்தில் நம்மவர்கள் எத்தனையோ பேர் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு எஸ்பிளனேட்–கிதிர்ப்பூர் வண்டி ஒரு வசதி. மைதானத்தின் மரங்களுக்கு நடுவே, புல் மேல் ஓடுகிற மாதிரி ஓடும். காலை வேளையில் அந்தப் பத்து நிமிஷம் ஆபீஸ் ஞாபகமே வராது என்று அவர்களில் பலர் சொல்லக் கேட்கலாம். 2020 மே மாதம் ஆம்பன் புயலில் மரங்கள் விழுந்து கம்பிகள் அறுந்தன. அதோடு அந்தத் தடம் நின்றது.

ஸ்மரணிகாவில் இப்படி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் பேரனும். பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான்.

"தாத்தா, இந்த டிக்கெட்டெல்லாம் நீங்க வாங்கினதா?"

"நான் எங்கேடா வாங்கினேன். எனக்கு மாசப் பாஸ்."

"அப்போ அது எங்கே?"

"மாசம் முடிஞ்சா கிழிச்சுப் போட்டுடுவோம். இப்படிக் கண்ணாடிக்குள்ளே வைப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

லேக் மார்க்கெட் தடம்

காளிகாட், லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி பக்கம் குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்தம் கொண்டாட ஒரு தடம் இருந்தது. பாலிகஞ்சிலிருந்து டாலிகஞ்ச் போகிற வண்டி. கரியாஹாட் தாண்டி, ராஷ்பிஹாரி அவென்யூ நெடுக வந்து, தேசப்பிரியா பூங்கா, லேக் மார்க்கெட் வழியாக ராஷ்பிஹாரி நாற்சந்தியில் திரும்பும். இட்லிக் கடைக்கும் காய்கறிக்கும் சங்கீத சபாவுக்கும் இந்த வண்டிதான். இதில் தாண்டவமாடும் வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. முன்னால் ரிக்‌ஷா போனால் அதன் பின்னாலேயே மணி அடித்துக்கொண்டு வரும். டிரைவர் காலால் மிதிக்கிற மணி அது.

இதே சாலையில் ஒரு துக்கமும் நடந்திருக்கிறது. வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் 1954 அக்டோபர் 14ந் தேதி தேசப்பிரியா பூங்கா அருகே டிராம் மோதிக் காயமடைந்தார். எட்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார். இரவீந்திரருக்குப் பிறகு வங்காளிகள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற கவிஞர் அவர். இவ்வளவு மெதுவாகப் போகிற வண்டியில் எப்படி என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

சத்யஜித் ராய் 1963ல் எடுத்த 'மகாநகர்' படம் தொடங்குவதே டிராம் கம்பத்தில்தான். பெயர்கள் வருகிற நேரம் முழுவதும், வண்டியின் தலையிலிருந்து கம்பியைத் தொட்டுக்கொண்டு போகிற அந்தக் கம்பம் மட்டும் தெரியும். குமாஸ்தா குடும்பத்தில் மனைவி வேலைக்குப் போகிற கதை. அந்தக் கதைக்கு வேறு எதைக் காட்டித் தொடங்க முடியும்?

மேலே போனது கீழே போயிற்று

காளிகாட் டிராமுக்கு முதல் அடி மெட்ரோவிடமிருந்து வந்தது. 1972 டிசம்பரில் இந்திரா காந்தி அஸ்திவாரக் கல் நாட்டினார். பிறகு பல வருஷம் சௌரங்கி, பவானிப்பூர், காளிகாட் நெடுகத் தெருவைப் பிளந்து வைத்திருந்தார்கள். 1984 அக்டோபர் 24ந் தேதி எஸ்பிளனேட்–பவானிப்பூர் இடையே நாட்டின் முதல் சுரங்க ரயில் ஓடியது. 1986 ஏப்ரலில் டாலிகஞ்ச் வரை நீண்டபோது காளிகாட்டுக்கும் நிலையம் கிடைத்தது. வேலை முடிந்து தெருவை மூடினார்கள். ஆனால் ஆசுதோஷ் முகர்ஜி சாலையில் டிராம் திரும்பவில்லை. 1902ல் மின்சாரம் எட்டிப் பார்த்த அந்தப் பழைய வழி போயிற்று.

இடையில் கம்பெனியும் கை மாறியது. 1967ல் நிர்வாகத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1976ல் சொத்தையே எடுத்துக்கொண்டது. 1992ல் டிராம் கம்பெனியே பஸ் விடத் தொடங்கியது. பெயர் டிராம், வருமானம் பஸ் என்றாயிற்று. மேம்பாலம் வந்தால் ஒரு தடம் குறையும், மெட்ரோ தோண்டினால் ஒரு தடம் குறையும். டிப்போக்களின் நிலம் விலை ஏறிக்கொண்டே போனதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

2023 பிப்ரவரியில் 150வது ஆண்டு விழா கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு, 2024 செப்டம்பரில், எஸ்பிளனேட்–மைதானம் சுற்றுத் தடம் ஒன்றை மட்டும் பாரம்பரியத்துக்காக வைத்துக்கொண்டு மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். நெரிசலான தெருவில் மெதுவாகப் போகிற வண்டி இடைஞ்சல் என்பது அரசின் வாதம். நகரத்தில் சாலைப் பரப்பு குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் புகை விடாத வண்டி, பெரியவர்களும் குழந்தைகளும் பயமின்றி ஏறுகிற வண்டி, குறைந்த காசில் அதிகம் பேரைச் சுமக்கிற வண்டி இடைஞ்சலாகவும், ஒரே ஆள் உட்கார்ந்து போகிற கார் போக்குவரத்தாகவும் எப்படி ஆயிற்று என்று டிராம் அபிமானிகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் வரவில்லை.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அப்போது தலைமை நீதிபதியாக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி.எஸ். சிவஞானம். டிராமை எப்படி மீட்கலாம், பராமரிக்கலாம் என்று பார்க்க ஒரு குழு அமைக்கும்படி அவர் தலைமையிலான அமர்வு 2023ல் சொன்னது. தண்டவாளத்தின் மேல் தார் போட்டு மூடுகிறார்கள் என்ற புகாரும் அதே நீதிமன்றத்தின் முன் வந்தது.

மற்ற ஊர்களில்

பம்பாயில் 1874ல் குதிரை டிராம் வந்தது, 1907ல் மின்சாரம் வந்தது, 1920ல் மாடி வைத்த டிராம்கூட வந்தது. 1964 மார்ச் 31ந் தேதி இரவு கடைசி வண்டி ஓடி முடிந்தது. ஆனால் அங்கே 'பெஸ்ட்' நிறுவனத்தார் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 1984ல் குர்லா டிப்போவில் ஒரு காட்சிசாலை தொடங்கி, 1993ல் ஆனிக் டிப்போவுக்கு மாற்றினார்கள். டிராம், பஸ் உருவங்கள், டிக்கெட் இயந்திரங்கள், பழைய கருவிகள் எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. தாராவி, ஆண்டாப் ஹில் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு எட்டிப் பார்க்கிற தூரம்தான். டிரைவர், கண்டக்டர் குடும்பங்கள் தங்கள் வீட்டுக்காரர் தொழிலைக் காசு கொடுக்காமல் பார்க்கட்டும் என்ற எண்ணம் பாராட்டத் தக்கது. கல்கத்தாவில் கட்டணம் உண்டு. சிறிய தொகைதான் என்றாலும் இதை எடுத்துவிடலாம்.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவிலும் இப்படி ஓர் இலவசக் காட்சிசாலை. அங்கே தெருவுக்கு அடியில் ஓடுகிற இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறும் 'கேபிள் கார்' 1873ல் தொடங்கியது. கல்கத்தாவில் குதிரை டிராம் ஓடிய அதே வருஷம். வடத்தைச் சுற்றுகிற ராட்சதச் சக்கரங்கள் இருக்கிற கூடத்திலேயே காட்சிசாலையும் இருப்பதால், கண்ணாடிக்குள் பழசைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். 1947ல் அந்நகர மேயர் இதெல்லாம் செலவு, எடுத்துவிடலாம் என்றார். ஃப்ரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி மாதர் சங்கங்களைத் திரட்டி, ஊர் மக்களை ஓட்டுப் போட வைத்து, அதைக் காப்பாற்றினார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரம் தன் டிராமை விடவே இல்லை. சுமார் 250 கிலோ மீட்டர் தடம் அங்கே இருக்கிறது.

கல்கத்தாவில் ஸ்மரணிகா தவிர இன்னொன்றும் உண்டு. கரியாஹாட் டிப்போவில் 2020 டிசம்பரில் 'டிராம் வேர்ல்ட்' என்று திறந்தார்கள். பழைய வண்டிகளைச் சுத்தம் செய்து, வண்ணம் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். லேக் மார்க்கெட்காரர்களுக்கு அது பக்கம். படம் பிடிக்கிறவர்கள் கூட்டம் அங்கே அதிகம்; வண்டிகளின் கதையை அறிய விரும்புகிறவர்களுக்கு எஸ்பிளனேடே மேல்.

காளிகாட்டிலிருந்து ஸ்மரணிகா போக இன்று எளிய வழி மெட்ரோதான். ராஷ்பிஹாரி நாற்சந்தி நிலையத்தில் ஏறினால் ஜதீன் தாஸ் பார்க், நேதாஜி பவன், ரவீந்திர சதன், மைதான், பார்க் ஸ்ட்ரீட், அடுத்தது எஸ்பிளனேட். டிராம் ஓடிய தெருவுக்கு அடியிலேயே கால் மணி நேரத்தில் போய்விடலாம். மேலே ஏறி டிராம் டிப்போ எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். வியாழக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் திறக்கும் என்பது திறந்த நாளிலிருந்து சொல்லப்பட்ட ஏற்பாடு. குழந்தைகளோடு போகிறவர்கள் முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது. மைதானச் சுற்று வண்டி ஓடுகிறதா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொண்டு, டிக்கெட் வாங்கினால் கிழித்துப் போடாமல் வைத்துக்கொள்ளலாம்.